பெத்தம்மாளின் மூச்சு

பெத்தம்மாள் கபடி ஆடத் தொடங்கியபோது அவளுக்கு முப்பது வயது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் எங்கள் பக்கத்துப் பெண்கள் மூட்டு வலிக்குத் தைலம் தேடுவார்கள். இவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு மம்சாபுரம் பஸ்ஸில் ஏறுவாள். பார்க்கிறவர்கள் புருஷன் அடித்துவிட்டான் என்று நினைத்து உச்சுக் கொட்டுவார்கள். அவள் புருஷன் பால்பாண்டியோ, கடித்த எறும்பைக்கூட நசுக்காமல் ஊதிவிடுகிற ஆள். செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு நூல் மில்லில் நாங்கள் வேலை பார்த்தோம். நான், தங்கபாய், நூலைக் கூம்புகளில் சுற்றுகிற கோன் வைண்டிங். அவள் வேஸ்ட் குடோன். மெஷின்கள் கழித்துத் தள்ளிய பஞ்சை உதறி, தூசி தட்டி, தேறுவதைத் தனியாகப் பிரிப்பது அவள் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். "ஆறு மணிக்குக் குமரி, ரெண்டு மணிக்குக் கிழவி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. அன்றைக்கு மெஷின்களை நிறுத்திச் சந்தனம் பூசி, பொரிகடலை கொடுத்து, விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். ஆண்களுக்குக் கபடி. எங்களுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும், இல்லையென்றால் மியூசிக்கல் சேர். எண்பத்தாறாம் வருஷம் எங்கள் கிருபாபாய் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "வருசம் பூரா நின்னே வேலை பாக்கோம். ஒரு நாளு உட்காரலாம்னா அந்த நாற்காலியவும் ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே போறீகளே சார். எங்களுக்கும் கபடி வைங்க" என்றாள். லேபர் ஆபீசர் ராஜரத்தினத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆடுங்கள் பார்ப்போம் என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினோம். மில்லே கூடி நின்று கேலி பேசியது. பெத்தம்மாள் பாடிப் போனாள். கபடியில் எதிராளி பக்கம் போகிறவள் 'கபடி, கபடி' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், யாரையாவது தொட்டுவிட்டு, அதே மூச்சில் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு நடுவில் அறுந்தால் அவுட். அவள் பாட்டு அறுகிற மாதிரியே தெரியவில்லை. இந்த மூலைக்குப் போனாள், அந்த மூலைக்குப் போனாள், இடுப்பில் கை வைத்து நின்று எதிரே இருந்தவளைப் பார்த்துக் கண்ணடித்தாள், பிறகு மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். கேலி பேசியவர்கள் கை தட்டினார்கள்.

அதன்பிறகு விடுவோமா? முதல் ஷிப்ட் முடிந்ததும் பஞ்சுப் பொதி இறக்குகிற காலி இடத்தில் ஆட்டம். சுற்றுப்பட்டு மில்களிலும் பெண்கள் டீம் கிளம்பியது. வருஷம் ஒரு தடவை தை மாதத்தில் போட்டி. எங்கள் டீமுக்குக் கிருபாக்காதான் கேப்டன். டெய்லர் தனுஷ்கோடி எங்களுக்குக் கால்சட்டை தைத்துத் தந்தார். பெண்களை அளவெடுக்க அவருக்கு வெட்கம். அதனால் தன் மனைவியை மட்டும் அளந்து ஏழு பேருக்கும் ஒரே மாதிரி தைத்துவிட்டார். ஒருத்திக்கு அது கழன்றது, ஒருத்திக்கு ஏறவே இல்லை.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் குனிந்து, மில்லில் குனிந்து, தெருவில் மாராப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தவர்கள் நாங்கள். ஒருத்தி காலை வாரி மண்ணில் தள்ளி, அவள் மேல் ஐந்து பேர் விழுந்து, விழுந்தவளும் சேர்ந்து சிரிக்கிறாள் என்றால் அந்தச் சந்தோஷத்துக்கு நான் என்ன பேர் வைப்பேன்? கல்யாணத்தில் கிடைத்ததில்லை, பிள்ளை பெற்றபோதும் கிடைத்ததில்லை. இனிப் பொய் சொல்கிற வயது இல்லை எனக்கு.

தொண்ணூற்றொன்றில் பெத்தம்மாளின் மூச்சு குறையத் தொடங்கியது. முதலில் வார லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமைகளில் மட்டும். மத்தியானம் ஆனதும் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்பாள். செவ்வாய், புதனில் சரியாகிவிடும். மில்லில் பலருக்கும் இது உண்டு. எங்களிடம் காரணமும் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிக்குழம்பு சாப்பிட்டால் சளி கட்டாமல் என்ன செய்யும்? சிலர் எண்ணெயை விட்டார்கள், சிலர் கறியை விட்டார்கள். பஞ்சை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. சோறு போடுகிறதை எப்படிச் சந்தேகப்படுவது?

பெத்தம்மாள் இரண்டையும் விட்டாள். தூதுவளை தின்றாள், சுக்கு தட்டிக் குடித்தாள். இறுக்கம் செவ்வாய்க்கும் நீண்டது, புதனுக்கும் நீண்டது. பாடிப் போனால் கோட்டோரமாகவே ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினாள். கேட்டால் அது ஒரு உத்தி என்றாள். ஒருநாள் பொதிகளுக்குப் பின்னால் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கையில் பார்த்துவிட்டேன். நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம்.

"யார்ட்டயும் சொல்லிராத தங்கபாய்" என்றாள். "கிருபாக்காவுக்குத் தெரிஞ்சா என்னைய உட்கார வச்சிருவா."

"உட்காந்தா என்னட்டி? உசுரா போயிரும்?"

"பிள்ளைக இருக்கு, அவிய இருக்காக, இல்லேங்கல. அம்புட்டுப் பேருக்கும் நான் வேணும். எனக்கு வேணும்னு இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் போயிட்டா நான் எதுக்கு விடியக்காலம் எந்திரிக்கணும்?"

கிருபாக்கா ஒன்றும் குருடி இல்லை. தொண்ணூற்றிரண்டு தை மாதத்தில் நாங்கள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மில் டீம். போட்டி திங்கட்கிழமை சாயங்காலம். முந்தின வாரமே அக்கா எங்களைக் கூட்டி, "இவளுக்கு நல்ல ஓய்வு குடுப்போம். வீட்ல கிடக்கட்டும். குடோன் வேலைய நாம பங்கு போட்டுக்கிடுவோம்" என்றாள். அப்படியே செய்தோம். எங்கள் ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்குச் செத்த நேரம் குடோனில் பஞ்சு உதறினோம். அங்கே ஒரு மணி நேரம் நின்றதற்கே எனக்குத் தொண்டை கம்மியது. அப்போதும் புத்தி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரம் போய்ப் பார்த்தேன். பெத்தம்மாள் முகத்தில் களை திரும்பியிருந்தது. என்னைக் கண்மாய்க் கரைக்கு இழுத்துக்கொண்டு போய், மடையிலிருந்து புளியமரம் வரைக்கும் ஒரே மூச்சில் பாடி ஓடிக் காட்டினாள். "வந்துட்டுட்டி, என் மூச்சு வந்துட்டு" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தூரத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் யாருக்கு என்ன ஆனதோ என்று ஓடி வந்தார்.

திங்கட்கிழமை காலையில் ராஜரத்தினம் சார் முட்டுக்கட்டை போட்டார். லீவில் இருக்கிறவள் மில் பேரில் எப்படி ஆடுவாள்? வந்து ஷிப்ட் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நியாயம் பேசுவதாகத்தான் நினைத்தார். சொல்லியனுப்பியதும் வந்து அவள் குடோனுக்குள் போனாள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு முன்னைவிட மோசமாக இருந்தாள்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்றுவரை குதிரை மாதிரி ஓடியவளுக்கு இன்றைக்கு என்ன? கண் பட்டுவிட்டது என்றாள் கேன்டீன் சமையல்காரி சீனியம்மாள். மாடு குளிப்பாட்டியவர் கண்ணாகத்தான் இருக்கும் என்று நானும் ஒத்து ஊதினேன். கிறிஸ்தவ வேதக்காரி நான், எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உப்பும் மிளகாயும் எடுத்து அவள் தலையைச் சுற்றி கேன்டீன் அடுப்பில் போட்டார்கள். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடியே அடிக்காது என்பார்கள். நெடியடித்து இருமல் வந்தால் கண்ணேறு இல்லை. பெத்தம்மாள் இருமினாள். அடுப்படியில் மண்டியிட்டு, மூக்கும் கண்ணும் ஒழுக, குடல் வெளியே வந்துவிடும்போல் இருமினாள்.

"பாத்தியா, திருஷ்டி கிருஷ்டி ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா" என்றாள் சீனியம்மாள். நாங்கள் நிம்மதியாக அவளை வேனில் ஏற்றினோம். இப்படியும் முட்டாள்கள் உண்டா என்று நினைக்கத் தோன்றும். ஒரு வேன் நிறைய இருந்தோம்.

ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கிருபாக்கா வேறு ஒருத்தியை அனுப்பப் பார்த்தாள். பெத்தம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போனாள். இரண்டு பேரைத் தொட்டாள். திரும்பினால் போதும், ஜெயித்தோம். அவளைச் சுற்றி யாருமே இல்லை. கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். ஒரு கைகூட மேலே படாமல் அவுட்டாகி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வாயைப் பிளந்து காற்றைத் தேடினாள். ஜெயித்தவர்களே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் பால்பாண்டி அண்ணனும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னைக்குத்தானே ரொம்ப இறுக்குது?" நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் வேலையைக் காட்டுகிறது, ஓய்வுக்குப் பிறகு திரும்பப் போகிற முதல் நாள்தான் அதிகமாகப் பிடிக்கும், இப்போதே பஞ்சை விட்டால் பிழைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒருநாள் வாசலில் இருந்து அடுப்படிக்கு நடக்கக்கூட மூச்சு இருக்காது என்றார். எண்ணெய் மேலும் கறி மேலும் நாங்கள் போட்ட பழியெல்லாம் வீணாயிற்று.

"நாளைலேர்ந்து நீ மில்லுக்குப் போக வேண்டாம்" என்றார் பால்பாண்டி அண்ணன். "கஞ்சியோ கூழோ நான் பாத்துக்கிடுதேன்."   பெத்தம்மாள் பஸ்ஸில் என் காதோரம், "மில்லை விட்டா டீம்ல ஆட விடுவாகளா?" என்று கேட்டாள்.

விடமாட்டார்கள். மஸ்டர் வருகைப் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் மில் டீம். அவளுக்காக நானும் கிருபாக்காவும் ராஜரத்தினம் சார் காலில் விழாத குறை. பஞ்சு பறக்காத இடம் கேன்டீன் ஒன்றுதான். கேன்டீன் ஆட்கள் காண்டிராக்ட். அவர்கள் மில் ஆட்கள் இல்லை. மம்சாபுரத்தில் ஒரு டீம் சேர்க்கலாமே என்றால், புல்லுக்கட்டையும் தண்ணீர்க் குடத்தையும் இறக்கி வைக்கவே நேரமில்லாத ஊரில் கபடிக்கு எவள் வருவாள்? மூச்சு வேண்டுமென்றால் மில்லை விட வேண்டும். மில்லை விட்டால் மூச்சு எதற்கு? அவள் அப்படித்தான் கேட்டாள்.

பத்து நாள் போல வீட்டில் இருந்தாள். நான் போனபோது முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். பால்பாண்டி அண்ணன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அவர் அந்தப் பக்கம் போனதும் கேட்டாள்.

"என் எடத்துல யாரு பாடிப் போறா?"

"சுடலையம்மா."

"நல்லாப் போறாளா?"

"கோழி குப்பையக் கிளறுத மாதிரி போறா."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "மூலையில நின்னு பிடிக்கிறவளுக்குப் பாட்டு வேண்டாம்லா?" என்றாள்.

"வேண்டாம்தான். ஆனா குடோன்ல பஞ்சு இருக்கே பெத்தம்மா."

"இருக்கட்டும்."

திங்கட்கிழமை மில் கேட்டுக்கு வெளியே லாரியை நிறுத்திவிட்டு நின்றார் பால்பாண்டி அண்ணன். "நீயாவது சொல்லும்மா தங்கபாய். அடிச்சாவது நிறுத்தச் சொல்லுதாக எங்க வீட்டுப் பெரியவுக. எனக்குக் கை வர மாட்டேங்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னேன். திட்டினேன். பிள்ளைகள் பேரைச் சொன்னேன். "பஞ்சு இல்லாத கபடி ஒண்ணு இருந்தாச் சொல்லு, இப்பமே நிக்கேன்" என்றாள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குடோனுக்குள் போனாள். துண்டு தூசிக்குக் காவல் ஆகுமா?

அடுத்த வருஷத் தை மாதப் போட்டி. அதே மைதானம், அதே ஸ்ரீவில்லிபுத்தூர் டீம். பெத்தம்மாள் இடது மூலையில் நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து வாட்டசாட்டமான ஒரு பெண் பாடிக்கொண்டு வந்தாள். மூலைக்குக் கால் நீட்டியவுடன் பெத்தம்மாள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் மேலே விழுந்தோம். கூட்டத்தில் இருந்த ராஜபாளையத்துத் தெலுங்குக்காரப் பெண்கள் "பட்டுக்கோ, பட்டுக்கோ" என்று கத்தினார்கள். விடாதே, பிடி என்று அர்த்தம்.

பிடிபட்டவள் சாமானியத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. மண்ணில் கிடந்தபடியே கபடி கபடி என்று பாடிக்கொண்டு கோட்டைப் பார்த்து ஊர்ந்தாள். அவள் மூச்சு அறுகிறவரை பிடித்திருக்க வேண்டும். என் நெஞ்சுக்குக் கீழே பெத்தம்மாளின் முதுகு கிடந்தது. அதற்குள் கீச்சுக் கீச்சென்று கேட்ட சத்தம் நீண்டு, மெலிந்து, ஒரு கட்டத்தில் கேட்கவே இல்லை. பயந்துபோய் நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"ஏட்டி, எந்திரிக்காத" என்றாள் பெத்தம்மாள், முகத்தை என் பக்கம் திருப்பி. சத்தமில்லை. உதடுதான் அசைந்தது.

அந்தப் பெண்ணின் பாட்டு நின்றது. விசில் ஊதினார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்தோம். பெத்தம்மாள் கடைசியாக எழுந்து, உதடெல்லாம் நீலம் பாய்ந்து, வாய் நிறைய மண்ணோடு சிரித்தாள். நான் தண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை. பேச முடியாமல், மூலையில் போய் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கத்தில் இருந்த அடுத்தவளைக் கை காட்டி வரச்சொன்னாள்.