ஒனக்கும் கேட்டுதா?

அண்ணாச்சி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்த அந்தச் சாயங்காலம் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. முக்கூடல் பக்கம் ஆற்றிலிருந்து ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர் அங்கே மூத்த ஆபரேட்டர். மோட்டார் சத்தம் குறைவாகக் கேட்கும் இடம் பார்த்து ஆற்றங்கரையில் என்னை நிறுத்தி, "இப்பம் ஒருத்தன் என்னைய ஏசினானே, ஒனக்கும் கேட்டுதா?" என்றார். இல்லை என்றேன். "சரி, அப்பம் அது என் சீக்கு" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மோட்டாருக்கு கிரீஸ் வைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அவரே விவரம் சொன்னார். மனச்சிதைவு, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் வைத்தியம். சர்க்கரை இருக்கிறவர் சர்க்கரை இருக்கிறது என்று சொல்வாரே, அந்த மாதிரிதான் சொன்னார். "மாத்திர போட்டாலும் மிச்சம் மீதி கேக்கத்தாம்லே செய்யும். கேட்டா ஒங்கிட்ட கேப்பேன். உண்டும்னா உண்டும்னு சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. சமாதானத்துக்குன்னு பொய் சொன்னியோ, அன்னையோட நான் தொலைஞ்சேன்." வீட்டில் இந்த வேலை அவர் மனைவிக்கு. அவரை நான் மதினி என்பேன். பம்ப் ஹவுஸில் அந்த வேலை எனக்கு.

சும்மா சொல்லக் கூடாது, மோட்டார் இரைச்சலுக்குள் எது வேண்டுமானாலும் கேட்கும். யாரோ என் பெயரைக் கூப்பிட்டதுபோல இருந்து, திரும்பிப் பார்த்து நானே அசடு வழிந்திருக்கிறேன். எனக்கு அதோடு போயிற்று. அவரை அந்தக் குரல் விடாது. திட்டும், தான் சொல்வது நிஜம் என்று சத்தியம் பண்ணும். ஒருநாள், "தண்ணியில வெஷம் கெடக்கு, மோட்டார நிறுத்துங்கான்லே. கேட்டுதா?" என்றார். அவர் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது. இல்லை அண்ணாச்சி என்றேன். கையை எடுத்துக்கொண்டார். தன் காதாரக் கேட்டதைத் தள்ளிவிட்டு இன்னொருவன் வாய்ச்சொல்லை நம்புவது லேசுப்பட்ட காரியமா? என்னால் முடியாது.

அப்புறம் அவர் என்னிடம் கேட்பது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. மதினி ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னார்: "எங்கிட்டயும் கேக்குததே இல்ல தம்பி. டாக்டரே மாத்திரைய நிறுத்திட்டாராம்லா." எனக்கும் நிம்மதிதான். ஆனால் நான் வாங்கிவரும் டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. சுவரில் முதுகைச் சாய்த்தபடியேதான் உட்கார்ந்தார். நான் பேசினால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயையே பார்ப்பார். ஒருநாள் பேச்சுவாக்கில், "சீக்கு இப்பம் தேவலையா அண்ணாச்சி?" என்றேன். "எனக்கு என்னலே சீக்கு?" என்றார்.

இந்த முறை நான்தான் அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். வந்தார், ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றார். "முன்னெல்லாம் கேப்பியளே, இப்பம் ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேங்கிய?" என்றேன்.

அண்ணாச்சி என் வாயையே பார்த்தார்.

"அவன் இப்பம் ஒன் கொரல்லதாம்லே பேசுதான். பெறகு ஒங்கிட்டயே எப்படிக் கேக்க?"

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னதும் மதினி அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மாத்திரையை நிறுத்தவே இல்லையாம், இவராகத்தான் விட்டிருக்கிறார். மாதக்கணக்கில் ஆகி, மருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. வேலைக்கு வருவதில்லை, வீட்டோடு இருக்கிறார். இப்போது திரும்பவும் கேட்கிறாராம், மதினியிடம் மட்டும்: "வாசல்ல அந்த பம்ப் ஹவுஸ் பய கூப்பிடுதானா?" மதினி எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். சரி, அப்பம் சீக்குதான் என்று படுத்துக்கொள்கிறாராம்.

அவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒருமுறை அவர் தெருமுனை வரைக்கும் போனேன். வாசலில் நின்று நான் கூப்பிட்டால், மதினி ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.