சீட்டுக்கு அடியில் என்ஜின்

போன வாரம் என் காரின் முன்விளக்கில் ஒரு பல்பு போய்விட்டது. விரல் நீளம்கூட இல்லாத பல்பு. அதை மாற்ற வந்த மெக்கானிக் முதலில் பேட்டரியைக் கழற்றினார், பிறகு பம்பரைக் கழற்றினார், பிறகு போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து விளக்கையே கூட்டோடு வெளியே எடுத்தார். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு துணியில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது, தான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. வண்டி விஷயத்தில் கோபப்படுவதற்கு வேண்டிய தெம்பையெல்லாம் எங்கள் குடும்பம் ஒரே ஒரு வேனில் செலவழித்துவிட்டது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா அந்த வேனை ஓட்டினார். கோவில்பத்திலும் வரிச்சிக்குடியிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, காரைக்கால் டவுனில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். நாங்கள் சாப்பிட்டது, உடுத்தியது, படித்தது எல்லாம் அதில் வந்த காசில்தான். பார்ப்பதற்கு வெள்ளையாக, சாதுவாக, ஒரு ரொட்டி பாக்கெட் மாதிரி இருக்கும். முன்னால் மூக்கு கிடையாது. மூக்கு இல்லாத வண்டியில் என்ஜினை எங்கே வைப்பது? அதை வரைந்தவர் யோசித்து, முன் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். தண்ணீர் ஊற்றும் மூடியும் அங்கேயே, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கீழே. தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் அந்த சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டும். கொக்கிகளை விடுவித்து, சீட்டைப் பின்னால் சாய்த்து, பின்னால் இருப்பவர்களின் முழங்காலை இடித்து, தரையில் விரித்த ரப்பர் மிதியடியைச் சுருட்டி, தகர மூடியைத் தூக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தண்ணீர்.

என்ஜின் கொதிக்கிறதா என்று காட்ட டாஷ்போர்டில் ஒரு முள் உண்டு. அது எனக்கு நினைவு தெரிந்த நாளாகப் படுத்தே கிடந்தது. அதைச் சரிசெய்ய ஸ்டீயரிங்கையும் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும் என்று தெரிந்ததும் அப்பா அந்த முள்ளைக் கைகழுவிவிட்டு வேறொரு முள்ளைக் கண்டுபிடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டில் உட்காருபவரின் கால்கள்தான் அது. என்ஜின் சூடேறினால் முதலில் சுடுவது அங்கே கால் வைக்கும் தகரம். பிள்ளைகள் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டால் அப்பா உடனே வண்டியை ஓரம் கட்டுவார். பெரியவர்களாக இருந்தால் காலை மாற்றி மாற்றி வைத்து நெளிவார்கள். ஓட்டும்போது அவருடைய ஒரு கண் சாலையில் இருக்கும், இன்னொரு கண் பக்கத்து சீட்டின் கால்களில் இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அந்த என்ஜின் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. கோட்டுச்சேரியில் இருந்த மெக்கானிக் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்து, கையை நுழைக்க முடியாமல் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இத வரைஞ்ச ஆளு ஒரு நாளாச்சும் ஸ்பேனர கையால தொட்டிருப்பாருங்கிறீங்க? உள்ள கேஸ்கட்டு போயிருக்கு. அத மாத்தணும்னா என்ஜின மொத்தமா கீழ எறக்கணும். வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க."

பள்ளி திறப்பதற்குள் கொண்டுவந்து விடுவதாக அப்பா சொன்னார். அதற்குமுன் ஒரே ஒரு பயணம் பாக்கி இருந்தது.

"போயிட்டு வாங்க. ஆனா தண்ணியப் பாத்துக்கிட்டே போங்க. இன்னொரு தடவ கொதிச்சுதுன்னா என்ஜின் புடிச்சுக்கும். அப்பறம் அது பழைய இரும்புதான்."

அந்தப் பயணம் பெரியப்பாவின் மகளுக்காக. திருத்துறைப்பூண்டியில் ஒரு வரன் வந்திருந்தது. பெண்ணை அவர்கள் பார்த்தாயிற்று, இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. போன இடத்தில் பெண் வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், அதாவது கை நனைத்துவிட்டால், சம்மதம் என்று பொருள். அதற்கப்புறம்தான் கோயிலில் சாமியார் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பது, தேதி குறிப்பது எல்லாம். அக்காவுக்கு இரண்டு வரன்கள் இந்தக் கட்டத்தில் தட்டிப்போயிருந்தன. பந்திக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று பெரியம்மா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

வேனின் முன் சீட் பெரியப்பாவுடையது. அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவர் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள், அப்பாவும் அதில் ஒருவர். பெரியப்பா முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது வண்டி ஓட்டும்போது மட்டும்தான். அம்மா அவரோடு நேராகப் பேசவே மாட்டாள். ஏதாவது கேட்க வேண்டுமானால் என்னைப் பார்த்து, "பெரியப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பாள், அவர் பக்கத்திலேயே நின்றிருப்பார்.

கொஞ்ச நாளாக எங்களுக்குப் பெரியப்பாவிடம் ஒரு வேடிக்கை கிடைத்திருந்தது. நடந்து போகும்போது ஒரு செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்துவிடும். அவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டிருப்பார். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவோம். வாங்கிக் கீழே போட்டு, குனிந்து பார்த்து, காலை நுழைத்துக்கொண்டு மறுபடி நடப்பார். யோசனையில் இருக்கிறார் என்று பெரியம்மா சொல்வார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

காலையில் கிளம்பினோம். முன்னால் பெரியப்பா, மடியில் பழமும் வெற்றிலையும் வைத்த தாம்பாளத்தோடு. பின்னால் பெரியம்மா, அத்தை, அம்மா, நான். என் காலுக்கு அடியில் அம்மா ஒரு கேன் தண்ணீர் வைத்திருந்தாள். குடிப்பதற்கு இல்லை, என்ஜினுக்கு.

வாஞ்சூரில் பெட்ரோல் பங்கில் நின்றோம். எல்லை தாண்டினால் விலை கூடும் என்பதால் காரைக்கால்காரர்கள் யாரும் அங்கே நிற்காமல் போவதில்லை. அப்பா டேங்கைக் கழுத்துவரை நிரப்பினார். அம்மா ஜன்னல் வழியாக மெதுவாக, "தண்ணி?" என்றாள். அப்பா முன் சீட்டைப் பார்த்தார். பெரியப்பா தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், கொடியேற்றத்தில் நிற்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவரை இறங்கச் சொல்லி, தாம்பாளத்தை வாங்கி, சீட்டைப் பின்னால் சாய்ப்பதை அப்பா மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்க வேண்டும்.

"நாகூர்ல பாத்துக்கலாம்" என்றார்.

நாகூரில் ஒரே கூட்டமாக இருந்தது. நாகப்பட்டினத்தில் பார்க்கலாம் என்றானது. நாகப்பட்டினத்தில் ரயில்வே கேட் மூடியிருந்து நேரம் போய்விட்டதால் வேளாங்கண்ணி என்றானது. அம்மா என் தோள் வழியாக எக்கி எக்கி அப்பாவைப் பார்த்தாள். அப்பா பக்கத்து சீட்டின் கால்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அந்தக் கால்கள் அசையவே இல்லை. கடைசியில், ஏதோ ஊர்க்கதை பேசுவது போல, கேட்டும்விட்டார்.

"அண்ணே, கால் கீல் சுடுதாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணும் சுடல தம்பி. நீ பாட்டுக்கு ஓட்டு."

அப்பாவின் தோள்கள் இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். வேளாங்கண்ணியில் மாதா கோயில் இருக்கும் திசைக்கு எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டோம், நிற்கவில்லை. அதற்குச் சற்று முன்பே எனக்கு ஒரு வாசனை வர ஆரம்பித்திருந்தது. ரப்பர் கருகுவது போல. சொன்னேன். அத்தை, "கருவாடு காயுதுடி" என்றார். மறுபடி சொன்னதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள். நல்ல காரியத்துக்குப் போகும்போது அபசகுனமாக எதையும் சொல்லக் கூடாதாம்.

திருப்பூண்டிக்குக் கொஞ்சம் முன்னால் என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு வேன் தானாகவே மெதுவாகி, சாலையோரம் நின்றுவிட்டது. முன் சீட்டைச் சுற்றிலும் புகையும் ஆவியும் கிளம்பின. நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கினோம். அப்பா சாவியைத் திருகிப் பார்த்தார். ஒரு கிர்ர் என்ற சத்தம்கூட வரவில்லை. மெக்கானிக் சொன்னது போலவே பிடித்துக்கொண்டுவிட்டது.

பெரியப்பா மட்டும் இறங்காமல் இருந்தார், அந்த ஆவிக்கு நடுவில், தாம்பாளத்தோடு.

அப்பா சுற்றி வந்து கதவைத் திறந்தார். "அண்ணே, எறங்குங்கண்ணே" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லியிருப்பார். பெரியப்பா தாம்பாளத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். வேட்டியோடு சேர்த்துத் தொடையைக் கையால் பிடித்து ஒரு காலை வெளியே எடுத்து வைத்தார். இன்னொரு காலை எடுத்தபோது செருப்பு கூடவே வரவில்லை. அதன் அடிப்பாகம் இளகி, மிதியடியோடு ஒட்டிப்போயிருந்தது. அப்பா குனிந்து இழுத்தார், பாகு போல இழை இழையாக வந்தது. பிறகு பெரியப்பாவின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலிலும் ஓரத்திலும் தோல் வெந்து வெளுத்திருந்தது. அப்பா நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். பெரியப்பாவும் தன் பாதத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

அப்பா என்னிடமிருந்த கேனை வாங்கினார். என்ஜினுக்கு ஊற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தார் ரோட்டின் ஓரத்தில் மண்டியிட்டு, அத்தனை தண்ணீரையும் அந்தப் பாதத்தின் மேல் மெதுவாக ஊற்றினார். பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவாரே, அது எனக்கு நினைவுக்கு வந்தது. வண்டியைக் கெடுத்துக்கொண்டதற்கு அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தைதான் ஆரம்பித்தார். "தண்ணி ஊத்தணும்னு தெரியாதா? நல்ல நாளும் அதுவுமா இப்பிடியா பண்ணுவ?" பெரியம்மா தாம்பாளத்தை அணைத்துக்கொண்டு அழுதார். அப்பா, "தப்புதான், என் மேலதான் தப்பு" என்று மட்டும் சொன்னார். வழியில் வந்த பஸ்ஸை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டு, அவர் வேனோடு நின்றுகொண்டார். பெரியப்பா வெந்த காலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, நொண்டாமல், கம்பியைப் பிடித்து ஏறினார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் கை நனைத்துவிட்டோம். அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது.

வேனைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். அப்பா அதற்கப்புறம் சொந்தமாக வண்டி வாங்கவில்லை. கடைசிவரை அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகவே இருந்தார், அடுத்தவர் சொன்ன நேரத்துக்கு எழுந்து போனார். உறவில் யார் எந்த விசேஷத்தில் கூடினாலும் "தண்ணி ஊத்தாத டிரைவர்" என்று அவரைச் சீண்டுவார்கள். அவரும் சிரித்து வைப்பார். வழியில் அண்ணனைக் கேட்டேனே என்று அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. கேட்டதைச் சொன்னால் கிடைத்த பதிலையும் சொல்ல வேண்டியிருக்கும், பெண்ணின் அப்பாவுக்கு ஏதோ நோய் என்று தெரிந்தால் இந்த வரனும் தட்டிப்போகும், அக்காவின் கல்யாணம் முடிகிற வரை அந்தப் பதில் திருத்துறைப்பூண்டிக்குப் போகக் கூடாது, அதற்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இதெல்லாம் எனக்குப் போன வருடம்தான் புரிந்தது. அப்பாவைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார் டாக்டர். அப்பா எல்லா இடத்திலும் "தெரியுது" என்றார். வெளியே வந்ததும், "அண்ணனுக்கு இந்த மாதிரி யாரும் தொட்டுப் பாக்கல" என்றார். நான் கார் நிறுத்தியிருந்த இடம் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பெரியப்பாவின் காயம் ஆறவே இல்லை. ஓலை வாசிப்பதற்குள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், அவர் வீட்டில் கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு மத்தியானத்தைப் பற்றி. பெரியம்மா கடைக்குப் போயிருந்தார். நான் கட்டிலோரம் நின்று காலில் சுற்றியிருந்த பேண்டேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப சுட்டிருக்குமே பெரியப்பா, எப்டிப் பொறுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "சுடவே இல்ல பாப்பா. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. டிரில் வாத்தியாருக்குப் பெருமை அடித்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்தேன். நேராகத் தெருவுக்கு ஓடி, விளையாடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, எங்கள் பெரியப்பாவுக்கு நெருப்பே சுடாது என்று சொன்னேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் என்னிடம் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.