எங்கள் வீட்டுக் குறி

மாசி மகம் வந்தால் பழவேற்காட்டுக் கடற்கரை ஜனம் கொள்ளாது. பொன்னேரி, ஆரணிப் பக்கமிருந்து கூண்டு வண்டிகள் வரும். பட்டணத்திலிருந்து கால்வாய் வழியாகப் படகு படகாய் வந்து இறங்குவார்கள். சாமியைத் தூக்கிவந்து கடலில் முழுக்காட்டுவார்கள். பெண்கள் கட்டின சேலையோடு அலையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். ஏரியில் பூநாரைகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதைக் காட்ட எங்கள் ஆட்கள் படகு விடுவார்கள். வந்தவர்களுக்கு அது திருநாள். எங்கள் குப்பத்துக்கு அன்றைக்குத்தான் பாடு பிரிப்பது.

பாடு என்றால் முறை. ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்கிற முறை. சாமி கரையேறினதும் ஊர்த் தலைவரான நாட்டார் ஓலை நறுக்குகளைப் பானைக்குள் போட்டு எடுப்பார். எழுத்துத் தெரியாத ஊர், ஆகவே வீட்டுக்கு ஒரு குறி. எங்களுடையது மூன்று கோடும் ஒரு சுழியும். அது பானைக்குள் போனால் வருஷத்துக்கும் சோறு. போகாவிட்டால் இல்லை.

இதில் ஒரு கட்டு உண்டு. ஆம்பிளை நோயில் விழுந்தால் ஊர் அவன் பாட்டை விடாது, பங்காளிகள் வலை கட்டிப் பங்கு தருவார்கள். கரையை விட்டு வெளியூர்க் கூலிக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது. இது எனக்குத் தெரியாததில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர் இருமி இருமி ரத்தம் துப்பினார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சயம் என்று சொல்லிப் படுக்க வைத்துக்கொண்டார்கள். சயம் வந்த வீட்டு மீனை எவர் வாங்குவார்? நான் கோட்டைப் பக்கம் மரைக்காயர் வீடுகளுக்குத் தினமும் கூடை சுமந்தவள். அதனால், அவர் ஹார்பரில் மூட்டை தூக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். தையில் வந்துவிடுவார், மாசிக்கு மற்ற ஆம்பிளைகளோடு கரையில் நிற்பார், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்டவர்களிடம் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். மேஸ்திரி ஆகிவிட்டார் என்றுகூடச் சொன்னேன்.

தை போயிற்று. அவர் வரவில்லை.

மகத்தன்று நாட்டார் எங்கள் ஓலையைக் கையில் எடுத்து, இந்த வீட்டு ஆள் எங்கே என்று கேட்டார். பொம்பளைகள் நடுவிலிருந்து எழுந்து நின்றேன்.

"பட்டணத்துல படுத்துக்கினு கீறாரு மாமா. ஆஸ்பத்திரியில."

என் கொழுந்தன் முன்னால் வந்தான். அவன் கெட்டவனில்லை. நான் சொன்னதை நம்பினவன், நம்பி அண்ணன்மேல் வருத்தப்பட்டவன்.

"நீதான அண்ணி சொல்லிக்கினு இருந்த, மேஸ்திரி ஆயிட்டாரு, டப்பு அனுப்புறாருன்னு. ஓலை போட்ற அன்னிக்கு மேஸ்திரிக்கு நோவு வந்துடுச்சா?"

நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்திலேயே பட்டணத்துக் குடும்பம் ஒன்று சுண்டல் தின்றுகொண்டே எங்களை வேடிக்கை பார்த்தது.

"இன்னா நோவு, சொல்லு" என்றார் நாட்டார்.

"சயம்."

எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் முந்தானையை இழுத்து ஒடுக்கிக்கொண்டார்கள். என்னோடு கூடை தூக்கினவர்கள்தான்.

நாட்டார் ஓலையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கரையில் சொன்ன சொல்லை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் மாற்றுவார்கள், ஊர் காலில் விழுந்து கேள், பார்க்கலாம் என்றார். என் நைனா அதே கரையில் நாட்டாராக இருந்து ஓலை எடுத்தவர். நான் நின்றபடியே நின்றேன். விழுந்திருந்தால் போட்டிருப்பார்களோ என்னவோ. இன்றைக்கும் எனக்கு அது தெரியாது. நாட்டார் எங்கள் ஓலையை ஒடித்து மணலில் போட்டுவிட்டு அடுத்த குறியை எடுத்தார்.

மறுநாள் மரைக்காயர் தெருவுக்குக் கூடையோடு போனேன். முதல் வீட்டு அம்மா கதவைத் திறக்காமலே, இன்றைக்கு வேண்டாம் என்றார். அவர் நல்ல மனுஷி. என் குழந்தைக்கு ஜுரம் கண்டபோது கஷாயம் கொடுத்தனுப்பியவர். அடுத்த நாளும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கே நான் போகவில்லை. பங்குனியிலிருந்து ஏரிச் சேற்றில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடித்தேன். பாடு உள்ள வீட்டுப் பெண்கள் செய்யாத வேலை. சேற்றுப்புண்ணில் விரல் நகம் கழன்றது.

சித்திரையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைப் படகில் அனுப்பிவிட்டார்கள். குணமாகி அல்ல. கைத்தாங்கலாய் உள்ளே கொண்டுவந்து பாயில் படுக்க வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கேட்டது அதைத்தான்.

"நமக்கு எந்தப் பாடு வுழுந்துது மே?"

"முகத்துவாரத்தாண்ட."

அதைவிட நல்ல இடம் ஏரியில் கிடையாது. அவர் முகம் தெளிந்தது. தம்பியா வலை கட்டுகிறான் என்று கேட்டார், ஆமாம் என்றேன். வெளியே போய்ப் பார்க்க அவருக்குக் காலில் வலு இல்லை. வந்து சொல்ல எவரும் எங்கள் வாசல் மிதிப்பதில்லை. ஆடி வரைக்கும் இருந்தார். தினமும் நான் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும், இன்றைக்கு வலையில் எப்படி என்று கேட்பார். நல்லா இருக்குது என்பேன்.