பவானி பிசைந்த சோறு

கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் பெண்கள் புளிமூட்டை மாதிரி நெருக்கியடித்துத்தான் உட்காருவார்கள். அந்த நெருக்கம் பவானிக்குப் பிடிக்கும். தன் உடம்பில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் எவள் இப்படி உரசிக்கொண்டு உட்காருவாள்? பல வருஷமாக ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிட்டு வருகிறாள், பாவம்.

மத்தியானம் எல்லார் தூக்குச்சட்டிச் சோற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து, ஆளுக்கொரு உருண்டையாகக் கையில் வைப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். பிசைகிறவள் பவானிதான். அவள் கைப்பக்குவம் அப்படி.

அன்றைக்குச் சோறு பிசையும்போது, கூட்டத்தில் மூத்தவளான கஸ்தூரியம்மாள் மாசமாயிருந்த சினேகாவிடம் கேட்டாள். "ஏத்தா, ரத்த டெஸ்ட் எடுத்தியா?"

"எங்க அத்தை! ஒருநா நின்னா ஜீப்புல என் எடத்துக்கு வேற ஆளு ஏறிரும். அதுல எய்ட்ஸ் டெஸ்ட் வேற எடுக்கிறாகளாம். எனக்கெதுக்கு? நான் என்ன அப்பிடிப்பட்டவளா?"

எல்லாரும் சிரித்தார்கள். இதே பேச்சைத்தானே பவானியும் ஒரு காலத்தில் பேசினாள்! புருஷனைத் தவிர வேறு ஆண் அறியாதவள். டெஸ்டுக்குப் போகாமல் பெற்ற பிள்ளையை இரண்டு வயதில் மண்ணுக்குக் கொடுத்தாள். வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும் என்று தெரியும். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே!

"நானும் அப்பிடிப்பட்டவ இல்ல சினேகா. எனக்கு அது இருக்கு. எம் பிள்ளையக் கொண்டுபோனதும் அதுதான். முன்னாடியே தெரிஞ்சு மாத்திரை தின்னிருந்தா பிள்ளைக்கு வராமத் தடுத்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாக. போயி எடுத்துரு ஆத்தா."

பவானி முதல் உருண்டையைக் கஸ்தூரியம்மாளிடம் நீட்டினாள்.

"சேந்து தின்னா ஒட்டாது மதினி."

கஸ்தூரியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள், சினேகாவும்தான். சோறு அப்படியே கிடந்தது. திரும்பும்போது ஜீப்பில் பவானியைச் சுற்றி இடம் தாராளமாக இருந்தது.

மறுநாள் காலை, ஜீப் நிற்குமோ நிற்காதோ என்று ரோட்டில் நின்றாள். நின்றது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரைவர் நாகராஜ்தான் தலையை நீட்டினார்.

"சினேகா வரல. ஆஸ்பத்திரிக்குப் போறாளாம். தனியா போகப் பயமா இருக்காம், ஒன்னையக் கையோட வரச் சொன்னா."

ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் சினேகா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சுன்னா என்னக்கா செய்வேன்?"

பவானிக்கும் அந்தப் பயம்தான். "என்னையப் பாரு. உசுரோடதான நிக்கிறேன்?" என்று அவளை உள்ளே கூட்டிப்போனாள்.