தான் ஏமாந்ததைச் சொல்லித் திரிந்த நாச்சிமுத்து அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை பாஸ்புக் பதிய வந்த ஒருவர் என் மேசை முன் நின்று சொன்னார்: "ரிக் வண்டி நாச்சிமுத்து அண்ணன் தவறிட்டாருங்க. மாரடைப்பு." மல்லசமுத்திரத்தில் எங்கள் வங்கிக்கு வந்துபோகிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் வைத்து, வடமாநிலங்கள் வரை தொழில் செய்தவர்.

போன வருடம் அவரையே ஏமாற்றிவிட்டார்கள். போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் வந்து, அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக மிரட்டினான். இவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அவன் கேட்ட பணத்தையெல்லாம் அனுப்பிவிட்டார். போனது திரும்பவில்லை. வேறு யாராவது என்றால் வெளியே மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். அண்ணனோ கல்யாண மண்டபம், டீக்கடை என்று போன இடமெல்லாம் சொன்னார். மகன் தடுத்தபோது, "நான் வாய மூடிக்கிட்டா அடுத்தவனுக்கு எப்படிடா தெரியும்?" என்றாராம்.

பிறகொரு நாள், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வைப்புத்தொகை முழுவதையும் உடனே எடுக்க வந்தார். முகம் வெளிறியிருந்தது. திறந்திருந்த கைப்பைக்குள் போன் இணைப்பிலேயே இருந்தது; யாரோ மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டால், "மருமகனுக்கு வீடு வாங்க" என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னார். இது மோசடியாக இருக்கலாம் என்று நான் எடுத்துச் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வரிசையில் நின்ற அண்ணன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, எனக்கும் போலீஸ்னு ஒருத்தன் கூப்பிட்டானுங்க. கதவச் சாத்துன்னான், சாத்துனேன். ஊட்டுல சொல்லாதேன்னான், சொல்லலீங்க. நெசப் போலீசு போன்ல யாரையும் புடிச்சு வெக்கமாட்டாங்கன்னு எல்லாம் போனதுக்கப்புறந்தான் தெரிஞ்சுது."

அந்த அம்மா அவரையே பார்த்தார். பிறகு போனை எடுத்து அவர் கையில் கொடுத்து, "கட் பண்ணிருங்க" என்று சொல்லி அழுதுவிட்டார். நான் சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி முடிக்கும்வரை அண்ணன் அவரைத் தனியே விடவில்லை.

இழவு வீட்டுக்கு அந்த ஆசிரியை வந்திருந்தார். என்ன உறவு என்று பெண்கள் கேட்டார்கள். "உறவெல்லாம் இல்லீங்க. நான் ஏமாற இருந்தவ" என்று அவர் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். பெண்கள் நகர்ந்து அருகே வந்தார்கள்.

அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "பணம் போனதுகூடப் பரவால்லீங்க. பாக்கறவங்கெல்லாம், 'நீங்க போயி எப்படிங்க நம்புனீங்க'ன்னு கேக்கறாங்க பாருங்க, அதுதான் தாங்கல." அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. இப்போது ஏமாந்துபோன யாராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறேன். அந்தக் கேள்வியை நானும் கேட்பதில்லை.