மதாம் வைத்த எட்டாயிரம்

"தபீ" என்று கப்பொரால் ஐயா சொன்னதும் நான் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டேன். டீலர் அப்படித்தான் செய்ய வேண்டும். தபீ என்றால், என் முன்னால் இருக்கிற சிப்ஸ் மொத்தமும் உள்ளே என்று அர்த்தம். மற்ற ஊர்களில் ஆல்-இன் என்பார்களாம். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் பிரான்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள்; கப்பொரால் என்பதும் ஐயாவுக்கு அங்கே கிடைத்த பதவிதான். அதனால் ஆட்டம் பிரெஞ்சில் நடக்கும், சண்டை தமிழில் நடக்கும்.

எதிரில் செலின் மதாம். அவர்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் டீலர் ஆனது

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எங்கள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். கம்பெனி மூடியதும் இந்தக் கிளப்பில் டீ கொடுக்கச் சேர்ந்தேன். ரெண்டாயிரமாவது வருடத்துக்குப் பிறகு டிவியில் போக்கர் காட்ட ஆரம்பித்தார்கள். கிளப்காரர்களும் ஞாயிறு மதியம் டோர்னமெண்ட் வைத்தார்கள். சீட்டுப் போட ஆள் இல்லை. பேக்கிங் செய்த கை வேகமாக இருக்கும் என்று செக்ரட்டரி சார் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு வேணாங்க சார். அத்தன ஆம்பளைங்க நடுவுல எப்டி உக்கார்றது?"

"யாரையும் பாக்காதம்மா. சீட்டப் பாரு, சிப்ஸப் பாரு. டீலர் மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாது. அதுதான் வேலையே."

யாரையும் பார்க்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். சேர்ந்துவிட்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்போம். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்போம். அந்த ஐந்தும் வருவதற்கு முன் நடக்கிற முதல் சுற்றுதான் ப்ரீ-ஃப்ளாப். சீட்டு வரும் முன்பே கட்டாயமாக வைக்கிற சிப்ஸ் பிளைண்ட். அதற்கு மேல் ஏற்றி வைத்தால் ரெய்ஸ். எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள்.

டிக்கெட் ஆட்டம்

ஒரு வருடம் டிராவல்ஸ் வைத்திருந்த ஒரு மெம்பர், ஜெயிக்கிறவருக்குப் பாரிஸ் போய்வர விமான டிக்கெட் என்று அறிவித்தார். செலின் மதாம் சாரம் பகுதியில் தனியாக இருந்தார்கள். மகள் பிரான்சில், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மதாமுக்கு விசா வந்துவிட்டது. டிக்கெட்டுக்கு வழி இல்லை. பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். கப்பொரால் ஐயாவிடம் முப்பத்தாறாயிரம் சிப்ஸ், மதாமிடம் இருபத்து நாலாயிரம். பிளைண்ட் ஆயிரம்.

அதுவரை மதாம் ரெய்ஸ் வைத்தால் பிளைண்டைப் போல் இரண்டரை மடங்குதான். நல்ல சீட்டானாலும் அதே, சுமாரான சீட்டானாலும் அதே. அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கப்பொரால் ஐயாவுக்கு அதுதான் எரிச்சல்.

"மதாம் என்ன, ரேஷன் கடையில அளந்து போடற மாதிரியே போடறீங்க?"

"உங்களுக்கு எவ்ளோ வேணும் மிசியே? கார்டு கொண்டாந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

டீ இடைவேளையில் மதாமுக்கு செல்போனில் அழைப்பு வந்தது. பேசிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்கள். "டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடியே ஆயிடும் போலருக்குடி. சீக்கிரம் முடிச்சிட்டுப் போவணும்." டீயைக் குடிக்காமலே டம்ளரை டிரேயில் வைத்துவிட்டார்கள்.

திரும்பி உட்கார்ந்ததும் முதல் கையிலேயே மதாம் எட்டாயிரம் வைத்தார்கள்.

கப்பொரால் ஐயா உடனே சீட்டைப் பார்க்கவில்லை. அந்தச் சிப்ஸைத்தான் பார்த்தார். "எட்டாயிரமா? என்னைத் தொரத்தறீங்களா மதாம்? ரெண்டாயிரத்தி ஐந்நூறு வெச்சா நான் பயப்படுவேன். எட்டாயிரம் வெச்சா நீங்க பயப்படறீங்கன்னு தெரியுது." அப்புறம்தான் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். தபீ சொன்னார்.

மதாம் என்னிடம் கணக்குக் கேட்டார்கள். கேட்டால் மட்டும்தான் டீலர் சொல்லலாம். "நீங்க இன்னும் பதினாறாயிரம் வெக்கணும் மதாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஒரு வார்த்தையை இழுத்துச் சொன்னால்கூட அது சைகை ஆகிவிடும். வைத்துத் தோற்றால் ஆட்டமே முடிந்தது. விட்டால் மூன்றில் ஒரு பங்கு போனது. இரண்டாயிரத்து ஐந்நூறு வைத்திருந்தால், விட்டுவிட்டு அடுத்த கையைப் பார்க்கலாம்.

வெகுநேரம் சீட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். பிறகு என் பக்கம் தள்ளினார்கள். விட்டுவிட்டார்கள்.

கப்பொரால் ஐயா தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஏழு, ஒரு அஞ்சு. ஒன்றுக்கும் ஆகாத சீட்டு. மதாம் விட்டது அதைவிடப் பெரிய ஏஸும் ஒன்பதும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கையையும் மதாம் விட்டார்கள். பிளைண்ட் போகப் பதினைந்தாயிரம் இருந்தது. மூன்றாவது கை போட்டேன். மதாம் சீட்டைப் பார்த்தார்கள். சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருந்தார்கள். அப்புறம் பழையபடி இரண்டாயிரத்து ஐந்நூறு.

"ரேஷன் கடை தெறந்துட்டாங்கப்பா" என்றார் கப்பொரால் ஐயா. "தபீ."

அவர் வாய் மூடவில்லை, மதாம் மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள். "வெச்சேன் மிசியே. தொறங்க."

மதாமிடம் இரண்டு ராணி, கையிலேயே ஜோடி. கப்பொரால் ஐயாவிடம் ஒரு ராஜா, ஒரு ஒன்பது. அவர் முகம் தொங்கியதாகப் பிறகு சொன்னார்கள். நான் மேசையைப் பார்த்தே திறந்தேன். நாலு, ஜாக்கி, எட்டு. நாலாவது சீட்டு ரெண்டு. ஐந்தாவதை இழுக்கும்போது என் விரல் வேர்த்து, சீட்டு ஒட்டிக்கொண்டது.

ராஜா வந்தது. கப்பொரால் ஐயாவுக்கு ராஜா ஜோடி சேர்ந்து, மதாமின் ராணி ஜோடி தோற்றது.

என் கையால்தான் திருப்பினேன். செக்ரட்டரி சார் சொன்னதை எல்லாம் மீறி என் கண் கலங்கிவிட்டது. மதாம் எழுந்து கப்பொரால் ஐயாவுக்குக் கை கொடுத்தார்கள். அப்புறம் என்னிடம் குனிந்து, "நீ ஏன்டி அழுவுற? இந்தக் கைய நான் சரியாத்தான் ஆடுனேன். ரெய்ஸ் வெக்கறதுக்கு முன்னாடியே, அவரு தபீ சொன்னா வெக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அந்த எட்டாயிரம் வெக்கறப்ப ஒண்ணுமே முடிவு பண்ணல" என்றார்கள்.

குழந்தைக்குப் பல் முளைத்த பிறகுதான் மதாமால் பிரான்சு போக முடிந்தது.

இப்போது புதிதாக டீல் பண்ண வருகிற பிள்ளைகள், யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னைக் கேட்கிறார்கள். ஜெயித்ததை வைத்துப் பார்க்காதீர்கள் என்பேன். ரெய்ஸ் வைத்த பிறகு, எதிராளி தபீ சொன்னால் யோசிக்க ஆரம்பிக்கிறார்களா, முன்பே யோசித்துவிட்டார்களா என்று பாருங்கள். பயம் வந்தபோது அளவை மாற்றுகிறார்களா என்று பாருங்கள்.

செலின் மதாம் அதற்குப் பிறகும் பல ஞாயிறு ஆட வந்தார்கள். அந்த ராஜாவைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. எட்டாயிரத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.