கதவுக்கு வெளியே படித்த நாவல்

கொரோனா இரண்டாம் அலையில் என் மனைவிக்குத் தொற்று வந்தபோது, திண்டுக்கல் வீட்டின் உள்ளறையில் அவளும் கூடத்தில் நானும் இருந்தோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வாள். நான் நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதிக்கொள்வேன். தொண்ணூற்று நான்குக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இடைப்பட்ட நேரத்தில் மூடிய கதவருகே நாற்காலி போட்டு ஒரு நாவலைப் படித்துக் காட்டினேன். கொள்ளைநோய் புகுந்த ஊரின் கதை. அலமாரியில் படிக்காமல் கிடந்தது அது ஒன்றுதான். "நம்மள விட மோசமா இருக்காகளான்னு பாப்போம்" என்றாள்.

அதில் ஒரு பால்காரனின் மனைவி ஆறாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். அந்த மூன்று பக்கங்களைத் தாண்டிப் படித்தேன். மறுநாள், "பால்காரன் பொண்டாட்டி எப்படி இருக்கா?" என்று கேட்டாள். கஞ்சி குடித்தாள் என்றேன். அடுத்த நாள், எழுந்து உட்கார்ந்தாள் என்றேன். சொன்னது மறந்துபோகக் கூடாதே என்று அதையும் நாட்குறிப்பின் ஓரத்தில் குறித்துவைத்தேன். எனக்கும் தூக்கமில்லை.

அதற்கு மறுநாள் மதியம் கேட்டாள்: "ஏங்க, அவ செத்துட்டாதானே?"

பக்கத்தைப் புரட்டினேன்.

"மத்ததெல்லாம் ரேடியோ செய்தி மாதிரி படிக்கிறீக. அவ வந்தா மட்டும் யோசிச்சு யோசிச்சுப் பேசுறீக."

"ஆமா. அன்னைக்கே செத்துட்டா."

"அந்தாளு என்ன செஞ்சான்?"

"வீட்டப் பூட்டிட்டு ஊர விட்டுப் போயிட்டான்."

"அப்ப மாட்ட யாரு பாக்குறது? நல்லா எழுதுனாக போங்க."

சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நானும் மூணு நாளா நம்பர ரெண்டு மூணு கூட்டித்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனவுக நம்ம தெருவுல யாரு திரும்பி வந்தா?"

"இப்ப எம்புட்டு?"

"தொண்ணூறு."

கதவைத் திறந்தேன். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனில் காலித் தக்காளிப் பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்தார். "ஏறுங்கண்ணே, எனக்கெல்லாம் போன மாசமே வந்து போயிருச்சு" என்றார்.

பதினான்கு நாள் கழித்து வீடு திரும்பினாள். அந்த மூன்று நாட்களின் எண்களைத் திருத்திவிடலாம் என்று நாட்குறிப்போடு போய் உட்கார்ந்து, உண்மையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன்.

"யாருக்கு ஞாபகம் இருக்கு? விடுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாட்குறிப்பில் அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் நேரம் மட்டும் சரியாக இருக்கிறது.